எலிக்குக் குணமானது அப்பாவுக்கு ஆகாதா?

மாதத்தில் ஒருமுறையேனும் என் மேசைக்கு ஒரு செய்தித்தாள் நறுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் அது நான்காக மடிக்கப்பட்டு, எக்ஸ்ரே உறைக்குள்ளிருந்து வெளிவரும். இப்போது பெரும்பாலும் கைப்பேசித் திரையில் வருகிறது. ‘நுரையீரல் புற்றுநோயை அடியோடு அழிக்கும் மருந்து’ என்பது போன்ற தலைப்பு. அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். மகளோ, மருமகனோ, தம்பியோதான். நோயாளி வெளியே அமர்ந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, “டாக்டர், இந்த மருந்தை அப்பாவுக்குக் கொடுக்க முடியாதா? கடன் வாங்கியாவது பார்த்துவிடுகிறோம்” என்பார்கள்.

நான் அந்தச் செய்தியை முழுவதும் படிப்பேன். நான்காவது அல்லது ஐந்தாவது பத்தியில் அந்தச் சொல் இருக்கும்: ‘எலிகளில்’. சில வேளைகளில் ‘ஆய்வகச் செல்களில்’. “இது இன்னும் எலிகளில்தான் அம்மா சோதிக்கப்பட்டிருக்கிறது” என்று சொல்வேன். அவர் தலையசைத்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஆனால் கேள்வி அவரிடமே தங்கிவிடுகிறது. எலிக்குக் குணமானது அப்பாவுக்கு ஏன் ஆகாது?

வெளியே பலர் காத்திருக்கும்போது இதற்கு முழுமையான விடை சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. அந்த விடையை இங்கே எழுதுகிறேன். அதனுடன் என் கருத்து ஒன்றையும் முன்வைக்கிறேன். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வக மாதிரிகள் நம் நோயாளிகளை ஒத்திருக்க வேண்டுமானால், அவை நம் நோயாளிகளின் திசுவிலிருந்தே உருவாக வேண்டும். அந்தத் திசுவை உங்களிடம் நாங்கள் கேட்க வேண்டும். இதுவரை கேட்டுவந்ததைவிட நேர்மையாகவும் பொறுமையாகவும் கேட்க வேண்டும்.

குடுவைக்குள் வளரும் புற்றுநோய்

புதிய மருந்து ஒன்றை எடுத்த எடுப்பில் மனிதருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே நோயை மனித உடலுக்கு வெளியே உருவாக்கி, அதன்மீது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவ்வாறு உருவாக்கப்படுவதையே ஆய்வக மாதிரி என்கிறோம். அவற்றுள் மிக எளியது, புற்றுநோய்ச் செல்களை ஊட்டநீர் நிரம்பிய குடுவையில் வளர்ப்பது. ஒருமுறை அவை குடுவையில் வளரப் பழகிவிட்டால் முடிவின்றிப் பெருகும். உறையவைத்து உலகின் எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பலாம்.

நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் மிகப் பரவலாகப் பயன்படும் செல் வரிசைகளுள் ஒன்றின் பெயர் ஏ549. அமெரிக்காவில் 1972இல், 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து அது உருவாக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அச்செல்கள் இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றால் நாம் கற்றது ஏராளம்.

ஆனால் அந்தக் குடுவையை உங்கள் தந்தையின் நெஞ்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடுவையில் செல்கள் பிளாஸ்டிக் தரையின்மீது ஒரே அடுக்காகப் பரவிக் கிடக்கின்றன. அங்கே இரத்தக் குழாய் இல்லை; காற்று உள்ளே வந்து போவதில்லை; கட்டியைச் சூழ்ந்திருக்கும் நார்த்திசு இல்லை; நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இல்லை. மருந்தைக் கல்லீரல் சிதைப்பதில்லை, சிறுநீரகம் வெளியேற்றுவதில்லை. ஊற்றிய மருந்து முழு அளவில் ஒவ்வொரு செல்லையும் தொடுகிறது. அங்கே புற்றுநோயைக் கொல்வது எளிது. மனித உடலில், மருந்து முதலில் கட்டியின் நடுப்பகுதி வரை சென்று சேர வேண்டும். அதுவும் நோயாளியின் உடல் தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கட்டிகளை வெவ்வேறு மரபணு மாற்றங்கள் இயக்கக்கூடும். ஏ549 செல்களை இயக்குவது கே-ராஸ் என்னும் மரபணுவின் பிழை. ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் வேறொரு மரபணுவின் பிழையால் நோயுற்ற பெண்மணிக்கு எந்த மருந்து பயன்படும் என்று அந்தச் செல்களைக் கேட்டால், அவை தவறான விடையையே தரும்.

சுண்டெலியின் முதுகில் ஒரு கட்டி

அடுத்த படி விலங்கு. 1951இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் சுண்டெலி ஒன்றின் நுரையீரலில் தானாகத் தோன்றிய கட்டியிலிருந்து ‘லூயிஸ் நுரையீரல் புற்று’ எனப்படும் மாதிரி உருவானது. அக்கட்டியின் செல்களை அதே இனத்தைச் சேர்ந்த வேறு சுண்டெலியின் முதுகுத் தோலுக்கு அடியில் செலுத்தினால், சில வாரங்களிலேயே பெரிய கட்டியாக வளரும்.

இந்த மாதிரியோடு பிணைந்த ஒரு வரலாறு உண்டு. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் கட்டிகள் வளர முடியாது என்ற கருத்தை 1971இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வகம் கண்டெடுத்த எண்டோஸ்டாட்டின் என்னும் புரதத்தை, லூயிஸ் கட்டி தாங்கிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின. மருந்தை நிறுத்தியபின் மீண்டும் வளர்ந்தன. மீண்டும் கொடுத்தபோது மீண்டும் சுருங்கின. இவ்வாறு சில சுற்றுகள் கடந்தபின், மருந்தை நிறுத்திய பிறகும் அவை வளரவில்லை. 1998ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் இச்செய்தி வெளியானது. மருந்தைக் கேட்டு நோயாளிகளின் குடும்பங்கள் மருத்துவமனைகளைத் தொலைபேசியில் அழைத்தன. மனிதருக்குக் கொடுக்கும் நிலையில் அப்போது அந்த மருந்து இல்லை.

அடுத்த ஆண்டு மனிதச் சோதனைகள் தொடங்கின. மருந்து பெரிய தீங்கு எதுவும் செய்யவில்லை. ஆனால் எலிகளிடம் கண்டது போன்ற சுருக்கம் மனிதரிடம் ஏற்படவில்லை. அமெரிக்காவில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதன் மாற்றப்பட்ட வடிவம் ஒன்று 2005இல் சீனாவில் மட்டும் அனுமதி பெற்றது.

ஃபோக்மனின் கருத்து பொய்யாகிவிடவில்லை. இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிஸுமாப் என்னும் மருந்து 2006இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் நடுமதிப்பு வாழ்நாள் 10.3 மாதங்கள், இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 12.3 மாதங்கள். எலியின் முதுகில் முற்றிலும் அடங்கிப்போன நோய், மனிதரின் நெஞ்சில் 2 மாதங்கள்தான் விட்டுக்கொடுத்தது. அந்த 2 மாதங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேரனின் காதுகுத்துக்குப் போய்வந்த நோயாளிகளை எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தித் தலைப்புக்கும் சிகிச்சை அறைக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

ஏன் இந்த வேறுபாடு? அந்தக் கட்டி நுரையீரலில் இல்லை, தோலுக்கடியில் இருந்தது. மனிதரின் வலது நுரையீரலில் 3 மடல்கள், இடதில் 2. சுண்டெலிக்கு வலதில் 4, இடதில் 1. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம்; சுண்டெலியின் மூச்சு அதைப்போலப் பல மடங்கு வேகமானது. ஆய்வுக்கு வரும் சுண்டெலி பெரும்பாலும் சில வார வயதே ஆன, வேறு நோயற்ற, தூய கூண்டில் ஒரே வகைத் தீவனம் உண்டு வளர்ந்த விலங்கு. என் அறைக்கு வருபவரோ அறுபதைக் கடந்தவர். சர்க்கரை நோய் உள்ளவர். இளமையில் வந்த காசநோயின் தழும்பை நெஞ்சில் சுமப்பவர். முப்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்தவராகவும் இருக்கலாம்.

மனிதக் கட்டியையே எலிக்குள் வளர்க்கவும் வழி உண்டு. எதிர்ப்பாற்றல் குறைந்த, மயிரற்ற ‘நிர்வாணச் சுண்டெலி’யில் மனிதக் கட்டியை ஒட்டி வளர்க்க முடியும் என்பதை 1969இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினர். நோயாளியிடமிருந்து எடுத்த கட்டித் துண்டை நேராகவே எலியில் வளர்ப்பது இன்று வழக்கம். குடுவைச் செல்களைவிட இது மூல நோயை நன்கு ஒத்திருக்கிறது. ஆனால் எலியின் எதிர்ப்பாற்றலை நீக்கினால்தான் மனிதக் கட்டி அங்கே நிலைக்கும். எதிர்ப்பாற்றலைத் தூண்டி நோயை வெல்லும் இம்யூனோதெரபி மருந்துகளை எதிர்ப்பாற்றலே இல்லாத எலியில் எப்படிச் சோதிப்பது? மனித எதிர்ப்பாற்றல் செல்களை எலிக்குள் ஏற்றிப் பார்க்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவை செலவு மிக்கவை. இன்னும் முழுமை பெறாதவை.

மனிதச் சோதனை வரை வந்து சேரும் புற்றுநோய் மருந்துகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவை அனுமதி பெறாமல் நின்றுவிடுகின்றன. அதற்குக் காரணங்கள் பல. சோதித்த மாதிரி நோயாளியை ஒத்திராதது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னாலும், அந்தச் சோதனையில் நம்பிக்கையோடு சேர்ந்த உண்மையான நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

ஒரு பெண்மணி விட்டுச்சென்ற செல்கள்

மாதிரிகளைக் குறைகூறுவது மட்டும் என் நோக்கமன்று. சரியான மாதிரி கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் நம் துறையில் சான்று உண்டு.

2003இல் ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பெரும்பாலோருக்கு அது பயன்படவில்லை. ஆனால் புகைபிடிக்காதவர்கள், பெண்கள், ஆசியர்கள் எனச் சிலருக்கு மட்டும் வியக்கத்தக்க பலன் தந்தது. 2004இல் காரணம் தெரிந்தது. பலன் பெற்றவர்களின் கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தது. இன்று உங்கள் திசுவை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறோமே, அந்தக் காத்திருப்பின் தொடக்கம் அங்கேதான்.

ஆனால் ஏறத்தாழ ஓராண்டில் மருந்து வேலை செய்வதை நிறுத்தியது. ஏன்? நோய் மீண்டும் வளர்ந்தவர்கள் சிலர் இரண்டாம் முறையாகத் தங்கள் கட்டியிலிருந்து திசு எடுக்க இசைந்தார்கள். அதைப் பரிசோதித்தபோது, டி790எம் என்னும் புதிய மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் மருந்தைப் பயனிழக்கச் செய்தது. மருந்து பயனிழந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்பட்டது.

இனி அந்த மாற்றத்தை முறியடிக்கும் மருந்து வேண்டும். அதைச் சோதிக்க அதே மாற்றம் கொண்ட மாதிரி வேண்டும். அது எங்கும் தேட வேண்டியிராமல் உறைகலத்தில் ஏற்கெனவே இருந்தது. எச்1975 என்று எண்ணிடப்பட்ட அந்தச் செல் வரிசை 1988இல் உருவாக்கப்பட்டது. திசுவைத் தந்தவர் புகைபிடிக்காத ஒரு பெண்மணி. ஜெஃபிட்டினிப் என்ற மருந்தே இல்லாத காலம் அது. அவருடைய செல்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் டி790எம் மாற்றமும் ஒருங்கே இருந்தன என்பது 17 ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. ஓசிமெர்டினிப் என்னும் மருந்தை உருவாக்கியபோது அதன் ஆற்றலைச் சோதித்துப் பார்த்த மாதிரிகளுள் எச்1975 முக்கியமானது. 2015இல் அம்மருந்து அனுமதி பெற்றது. பின்னர் நடந்த ஆய்வில், முதல் மருந்தாகவே இதைப் பெற்றவர்களின் நடுமதிப்பு வாழ்நாள் 38.6 மாதங்கள், பழைய மாத்திரைகளைப் பெற்றவர்களுக்கு 31.8 மாதங்கள்.

எங்கள் பிரிவில் இம்மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், சமைக்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாத அந்தப் பெண்மணிக்கும், இரண்டாம் முறை ஊசியைத் தாங்கிக்கொண்ட அந்த நோயாளிகளுக்கும் அவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். மருந்தை எழுதிக்கொடுக்கும் நானும்தான்.

மூச்சுவிடும் சில்லு

இப்போது உருவாகிவரும் மாதிரிகள் மேலும் உண்மைக்கு நெருங்கி வருகின்றன. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளவர்ஸ் குழுவினர் 2009இல் குடலின் மூலச் செல்லிலிருந்து ஒரு ‘சிற்றுறுப்பை’ வளர்த்துக் காட்டினர். ஆர்கனாய்டு எனப்படும் இது, மென்மையான கூழுக்குள் முப்பரிமாணமாக வளரும் சிறு திசு உருண்டை. அதே வழியில் நுரையீரல் புற்றுநோயாளிகளின் திசுவிலிருந்தும் இன்று ஆர்கனாய்டுகள் வளர்க்கப்படுகின்றன. நோயாளியின் கட்டியில் இருந்த மரபணு மாற்றங்களை அவை பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்கின்றன. இதிலும் ஓர் இடர் உண்டு. எடுத்த திசுவில் கலந்திருக்கும் நலமான மூச்சுக்குழாய்ச் செல்கள், புற்றுநோய்ச் செல்களை முந்திக்கொண்டு வளர்ந்துவிடலாம். கவனமில்லாத ஆய்வாளர் நலமான திசுவின்மீது மருந்தைச் சோதித்துவிட்டு, அதைப் புற்றுநோய் என்று எண்ணிக்கொள்ள நேரிடும்.

மற்றொன்று, ‘சில்லு நுரையீரல்’. 2010இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைஸ் நிறுவனத்தில் டான் ஹூவும் டொனால்டு இங்பரும் இதை உருவாக்கினர். பென் டிரைவ் அளவே உள்ள ஒளிபுகும் சிலிக்கான் ரப்பர் துண்டு. உள்ளே இரண்டு நுண்குழாய்கள். நடுவே மெல்லிய சவ்வு. சவ்வின் ஒரு பக்கத்தில் நுரையீரல் செல்கள், அவற்றின்மேல் காற்று. மறுபக்கத்தில் இரத்தக் குழாய்ச் செல்கள், அவற்றின்மேல் ஓடும் திரவம். இரு பக்கவாட்டிலும் காற்றை உறிஞ்சி விடும்போது சவ்வு விரிந்து சுருங்குகிறது. நுரையீரல் மூச்சு வாங்குவது போலவே அசைகிறது.

2017இல் அதே நிறுவனத்தார் இச்சில்லில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துப் பார்த்தனர். மூச்சின் அசைவு இருந்தபோது புற்றுநோயின் வளர்ச்சி குறைந்தது. அதே அசைவு இருந்தபோது மருந்தின் விளைவும் குறைந்தது. அசையாத குடுவையில் கிடைத்த விடையும் அசையும் சில்லில் கிடைத்த விடையும் ஒன்றாக இல்லை. மூச்சு என்னும் ஒன்றைச் சேர்த்ததற்கே இவ்வளவு வேறுபாடு என்றால், நாம் இன்னும் சேர்க்காதவை எத்தனை!

சட்டங்களும் இந்தத் திசையில் நகர்ந்துள்ளன. மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் தளர்த்தியது. ஆர்கனாய்டு, சில்லு போன்ற விலங்கில்லா முறைகளை ஏற்கும் திருத்தத்தை இந்தியாவும் 2023இல் தன் புதிய மருந்து விதிகளில் சேர்த்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் கட்டியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறோம்’ என்ற விளம்பரங்களை நீங்கள் காணக்கூடும். ஆராய்ச்சியாக இது மதிக்கத்தக்கது. ஆனால் இத்தகைய சோதனையின் அடிப்படையில் மட்டுமே கீமோதெரபியைத் தேர்ந்தெடுப்பது, ஆய்வுச் சூழலுக்கு வெளியே, இன்றைய நிலையில் பரிந்துரைக்கத்தக்கதன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மாதிரி வளர்வதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும்; சில கட்டிகள் வளரவே மாட்டா; அதுவரை நோய் காத்திருக்காது. அதற்காக நகையை அடகு வைப்பதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். இதற்கு மாறாக, உங்கள் திசுவில் செய்யப்படும் மரபணுச் சோதனை நிறுவப்பட்ட ஒன்று. அதைத் தவிர்க்காதீர்கள்.

நம்மை ஒத்த மாதிரிகள்

என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயின் முகம் மேலைநாடுகளில் காண்பது போன்றதன்று. இங்கே புகையிலையைத் தொட்டறியாதவர்கள் நோயாளிகளில் கணிசமானவர்கள். அடினோகார்சினோமா என்னும் வகையில், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் மேலைநாட்டு வெள்ளையரிடையே 100க்கு 10 முதல் 15 பேரிடம் காணப்படுகிறது. இந்திய ஆய்வுகளில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. காசநோய்த் தழும்பும், அடுப்புப் புகையும், நகரத்துக் காற்று மாசும் நம் நுரையீரல்களோடு கலந்திருக்கின்றன.

உலகின் ஆய்வகங்களில் புழங்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய, கிழக்காசிய நோயாளிகளிடமிருந்து வந்தவை. நம் மக்களின் நோயிலிருந்து பிறந்தவை மிகக் குறைவு. நம்மைப் போன்றோரின் கட்டி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை வேறொருவரின் கட்டியைக் கேட்டே அறிய முயல்கிறோம். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. மும்பையிலும் திசுக் களஞ்சியம் உண்டு. தொடக்கம் நல்லது. ஆனால் வங்கி என்பது இடுவோரால் நிலைப்பது.

நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத்திணறும் நோயாளிக்கு அந்த நீரை ஊசி வழியே வெளியேற்றுகிறோம். சில வேளைகளில் 1 லிட்டர் வரை வரும். நோயறிவதற்குச் சிறிதளவு போதும். மீதி கழிவாகக் கொட்டப்படுகிறது. அதில் உயிருள்ள புற்றுநோய்ச் செல்கள் ஏராளமாக இருக்கக்கூடும். புகழ்பெற்ற நுரையீரல் புற்றுநோய்ச் செல் வரிசைகள் பல இத்தகைய நீரிலிருந்தே உருவானவை. நோயாளியின் மூச்சை இலேசாக்குவதற்காக எப்படியும் எடுக்கவேண்டிய நீர் அது. அதைச் சேமிக்க ஆய்வகமும், கேட்க ஒரு மனிதரும் இல்லாததால் நாள்தோறும் இழக்கிறோம்.

கேட்பதும் கொடுப்பதும்

கேட்பது என்றதும் என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. பட்டமேற்படிப்பு மாணவனாக வேறொரு மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் ஒப்புதல் படிவத்தில் ஒரு முதியவரின் மனைவியிடம் கைநாட்டு வாங்கினேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்திடவேண்டியவர் நோயாளி, அவர் சுயநினைவோடு அருகிலேயே படுத்திருந்தார். “எதுக்குங்க தம்பி இது?” என்று அந்த அம்மா கேட்டார். “எல்லோரிடமும் வாங்குவதுதான் அம்மா” என்றேன். பொய் இல்லை, ஆனால் அது விடையும் இல்லை. மை தோய்ந்த பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போனார். அன்று எனக்கு அது உறுத்தவில்லை. பின்னாளில் உறுத்தியது.

இது என் ஒருவனின் குற்றமன்று. எங்கள் துறையின் பழைய குற்றம். 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் செல்கள் அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டன. ஆய்வகத்தில் நிலைத்து வளர்ந்த முதல் மனிதச் செல் வரிசை அதுதான். உலகெங்கும் ஆராய்ச்சி அதன்மீது எழுந்தது. அவருடைய குடும்பத்தினருக்கோ அது 1970களில்தான் தெரியவந்தது. இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சிக்காகத் திசுவைச் சேமிப்பதற்கு நோயாளியின் விளக்கமான ஒப்புதல் வேண்டும். விதி இருக்கிறது. விளக்கம் சொல்லும் பொறுமையை நாங்கள்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

“எங்களைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறீர்களா?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான அச்சம். திசு கொடுப்பது வேறு. புதிய மருந்தைத் தன்மீது சோதிக்க இசைவது வேறு. முன்னதில் உங்கள் உடலுக்குள் எந்த மருந்தும் செலுத்தப்படுவதில்லை. சிகிச்சைக்காக எடுத்ததில் மீந்ததே போகிறது. அதனால் மருந்துச் சோதனைகள் மனிதரிடம் வருமுன்பே பயனற்றவை வடிகட்டப்படும் வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே, இத்தகைய ஒப்புதலை உங்களிடம் கேட்கும்போது, கையெழுத்திடுமுன் நீங்களும் சிலவற்றைக் கேளுங்கள். நோயறிவதற்கும் மரபணுச் சோதனைக்கும் வேண்டிய திசு முதலில் ஒதுக்கப்பட்டுவிட்டதா? இதற்காகவே தனியாக ஊசி குத்தப்படுமா, அல்லது மீந்ததுதான் எடுக்கப்படுமா? என் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் இடப்படுமா, அதன் திறவுகோல் யாரிடம் இருக்கும்? பிற்பாடு மனம் மாறினால் விலகிக்கொள்ள இயலுமா? இதிலிருந்து மருந்து உருவாகி யாரேனும் ஆதாயம் பெற்றால் அது குறித்து என்ன ஏற்பாடு? தெளிவான தமிழில் விடை கிடைக்காவிட்டால் கையெழுத்திட வேண்டியதில்லை. மறுத்தால் உங்கள் சிகிச்சை எள்ளளவும் குறையக்கூடாது, குறையாது.

மருத்துவமனைகளின் பங்கும் உண்டு. ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்தில், வாசித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய இரவில், பதற்றத்தின் நடுவே, பத்துப் படிவங்களில் ஒன்றாக அதை நீட்டக்கூடாது. கொடுத்தவர்களுக்கு, அவர்கள் மறைந்திருந்தால் அவர்கள் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ‘நீங்கள் அளித்த திசுக்களால் இன்னது கற்றோம்’ என்று தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியை வெளியிட இந்த இதழைவிடப் பொருத்தமான இடம் எது?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளிக்கும் திசுவினால் உங்களுக்கோ உங்கள் தந்தைக்கோ நேரடிப் பயன் கிடைப்பது மிக அரிது. எச்1975 செல்களைத் தந்த பெண்மணிக்கும் ஓசிமெர்டினிப் கிடைக்கவில்லை. அவர் திசு எடுக்கப்பட்டதற்கும் அம்மருந்து வந்ததற்கும் இடையே 27 ஆண்டுகள். இதைச் சொல்லாமல் கேட்பது ஏமாற்று. சொல்லிவிட்டுக் கேட்டபோது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் இசைந்திருக்கிறார்கள். “எனக்குப் பின்னால வர்றவங்களுக்காவது ஆகட்டும்” என்று ஓர் ஐயா சொன்னார். அதற்குமேல் அவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் உட்கார்ந்து, படிவத்தை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன்.

அடுத்தமுறை அத்தகைய செய்தி உங்கள் கண்ணில் பட்டால், தயங்காமல் என்னிடம் கொண்டுவாருங்கள். அது எந்த மாதிரியில் சோதிக்கப்பட்டது, யாருடைய நோயை ஒத்த மாதிரி அது, மனிதரிடம் வந்துவிட்டதா என்ற மூன்றையும் சேர்ந்தே தேடிப் பார்ப்போம். அப்பாவையும் உள்ளே அழைத்து வாருங்கள். நோய் அவருடையது, கேள்வியும் அவருடையதாக இருக்கலாம்.